டயாலிசிஸ் நாட்களும் அலுவலக நாட்களும்

வேலைக்குச் சென்றுகொண்டே வீட்டில் ஒருவரைப் பராமரிப்பவர்களுக்கும், அவர்களால் பராமரிக்கப்படுபவர்களுக்கும்

காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கும் நாற்காலிகளை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். உள்ளே நோயாளர், வெளியே அவரை அழைத்து வந்தவர். ஒருவர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். ஒருவர் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர், பிள்ளையை ஏற்றிக்கொண்டாயிற்றா என்று பள்ளி வேன் ஓட்டுநரிடம் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருப்பார். இவர்களில் எவருடைய பெயரும் எங்கள் பதிவேட்டில் இல்லை. ஆயினும் சிகிச்சையின் ஒரு பகுதி இவர்களுடைய தோளில்தான் நிற்கிறது.

சிறுநீரகப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், உணவியல் வல்லுநர், மருத்துவ சமூகப் பணியாளர் ஆகிய நாங்கள், அந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். வேலையையும் வீட்டையும் உறவுகளையும் ஒருசேரக் காப்பது எப்படி என்று எங்களிடம் கேட்பவர்கள் பலர். நாங்கள் கண்டறிந்த விடை எளியது. ஆனால் கடைப்பிடிப்பது எளிதன்று. சுமையை ஒருவரே மறைத்துச் சுமப்பதால் எதுவும் காக்கப்படுவதில்லை. சில வேளைகளில் சிகிச்சையே கெட்டுவிடுகிறது.

வாரத்தின் கணக்கு

இரத்தச் சுத்திகரிப்பு எனப்படும் டயாலிசிஸ் பெரும்பாலோருக்கு வாரத்தில் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறும். இயந்திரத்தில் இருக்கும் நேரம் வாரத்திற்கு 12 மணி. அதனுடன் வீட்டிலிருந்து வருவது, எடை பார்ப்பது, ஊசி எடுத்த இடத்தை இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருப்பது, திரும்பச் செல்வது ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஆகிவிடும். வாரத்திற்கு 18 மணி நேரம். அதாவது அலுவலக வேலையில் இரண்டு முழு நாட்களுக்கும் மேல். உப்பும் பொட்டாசியமும் குறைத்துத் தனியே சமைப்பது, மாத்திரைகள், பரிசோதனைகள், காப்பீட்டுத் தாள்கள் யாவும் இதற்குப் புறம்பானவை.

இந்தக் கணக்கை முதலிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது. "எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம்" என்று தொடங்கும் குடும்பங்கள் சில மாதங்களில் தளர்ந்துபோவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அது மனவலிமை இல்லாமையால் நேர்வதன்று. இரண்டு நாள் வேலை வாரத்திற்குள் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு யாருடைய நாளிலிருந்து இடம் எடுப்பது என்பதை எவரும் பேசவில்லை. அவ்வளவே.

ஒரு வீட்டில் நடந்தது

இங்கே நாங்கள் சொல்லும் வீடு ஒரே வீடன்று. பல ஆண்டுகளில் பல குடும்பங்களில் கண்டவற்றை அடையாளம் நீக்கி ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 68. திங்கள், புதன், வெள்ளி காலை முதல் முறையில் அவருக்கு டயாலிசிஸ். தாய்க்கு மூட்டுவலி, படியேற இயலாது. மகள் பொதுத்துறை வங்கியில் அதிகாரி. அவருடைய கணவர் வெளியூரில் பணிபுரிந்து வார இறுதியில் வருபவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. தம்பி பெங்களூரில்.

மகள் அதிகாலையில் தந்தையை எங்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குச் சென்று சமைத்து, மகனை அனுப்பி, பத்து மணிக்குத் திரும்பி வந்து தந்தையை அழைத்துச் செல்வார். டயாலிசிஸ் நாட்களில் வங்கிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகச் செல்ல மேலாளரிடம் வாய்மொழியாக இசைவு பெற்றிருந்தார். மாத்திரைகளின் பெயரும் வேளையும், அடுத்த இரத்தப் பரிசோதனை நாள், காப்பீட்டு எண், எந்தக் காயை எத்தனை முறை தண்ணீர் மாற்றி வேக வைப்பது என்பன அனைத்தும் அவர் நினைவில் இருந்தன. தாளில் எதுவும் இல்லை. உறவினர் அனைவரும் அவருடைய திறமையைப் புகழ்ந்தார்கள். நாங்களும் புகழ்ந்தோம். அது எங்கள் பிழை.

எட்டாம் மாதத்தில் தந்தையின் போக்கு மாறியது. மூன்று மணி நேரம் ஆனதும், "காலில் பிடிப்பு, இன்றைக்குப் போதும்" என்று இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஒருமுறை உண்மையாகவே பிடிப்பு இருந்தது. அடுத்தடுத்த முறைகளில் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் உடலில் தங்கிய நீர் சிறிது மிகுந்தது. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ஆபத்து மிகுந்த காலம். அப்படி ஒரு ஞாயிறு இரவில் மூச்சுத் திணறலோடு அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள்.

உடல் தேறிய பின் செவிலியர் ஒருவர் அருகில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. மகளின் வங்கியில் பதவி உயர்வுக்கான தேர்வு அறிவிக்கப்பட்டிருந்தது. உயர்வு வந்தால் இடமாற்றமும் சேர்ந்து வரும் என்பதால் மகள் விண்ணப்பிக்கவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. நலம் விசாரிக்க வந்த சக ஊழியர் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டார். தந்தை மகளிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துவிட்டால் அவள் நேரத்துக்கு வங்கிக்குப் போவாள் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார்.

பிறகு மகள் வந்தபோது அவர் சொன்னார்: "எனக்காக நீ பரீட்சை எழுதலைன்னு தெரிஞ்சப்புறம், அந்த நாற்காலியில நாலு மணி நேரம் உட்கார எனக்கு மனசு வரலம்மா."

மகள் தந்தைக்காக ஒன்றை மறைத்தார்; தந்தை மகளுக்காக ஒன்றை மறைத்தார். இரண்டும் அன்பினால் நேர்ந்தவை. இரண்டும் சேர்ந்து அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தன.

முதலில் தாளில் இறக்குங்கள்

அந்தக் குடும்பத்தை ஒரு மணி நேரம் ஆலோசனை அறையில் அமர்த்தினோம். தம்பி காணொலி அழைப்பில் இணைந்தார். நாங்கள் கேட்டது ஒன்றே: மகளின் நினைவில் உள்ள அனைத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள்.

எழுத வேண்டியவை இவை: மாத்திரைகளும் அவற்றின் வேளைகளும், டயாலிசிஸ் நாளில் எந்த மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டும் என்ற மருத்துவர் குறிப்பு, நீர் நீங்கிய பின் இருக்கவேண்டிய எடை, ஒரு நாளில் அருந்தக்கூடிய நீரின் அளவு, உண்ணக்கூடாதவை, காப்பீட்டு விவரம், டயாலிசிஸ் பிரிவின் தொலைபேசி எண். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டிய நிலைகள்: மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குளிரோடு காய்ச்சல், நிற்காத இரத்தக் கசிவு, ஃபிஸ்டுலா உள்ள கையில் வழக்கமான அதிர்வு நின்றுபோதல். அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் அந்த ஒரு வரி உதவும்.

இந்த நோட்டு இருந்தால், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் வேறொருவர் வீட்டை நடத்த இயலும். நோட்டு இல்லாதவரை உதவ வருபவர்கூட உங்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார், வேலை குறையாது.

உதவியைப் பெயரிட்டுக் கேளுங்கள்

"ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு குடும்பத்தைச் சுற்றியும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே சொல்கிறார்கள். என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. கேட்க நமக்குக் கூச்சம். ஆகவே எதுவும் நடப்பதில்லை. நாளையும் நேரத்தையும் வேலையையும் குறிப்பிட்டுக் கேட்டால் "ஆகட்டும்" என்போ, "இயலாது" என்போ ஒரு விடை கிடைக்கும். "வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு அப்பாவை அழைத்துவர முடியுமா மாமா?" என்பது கேட்கத்தக்க கேள்வி.

அந்தக் குடும்பத்தில் முதலில் நாட்களை மாற்றினோம். இடம் இருந்ததால் செவ்வாய், வியாழன், சனி என்று அமைந்தது. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. அவை மகளின் பொறுப்பு. மற்றச் சனிக்கிழமைகளுக்குத் தம்பி வெள்ளி இரவு இரயிலில் வந்து சேர்வதென்று ஏற்றுக்கொண்டார். வியாழன் தாய்மாமா. செவ்வாய் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர். காப்பீடு, கட்டணச் சீட்டுகள், பரிசோதனைக்கு முன்பதிவு ஆகிய தொலைவிலிருந்தே செய்யக்கூடிய பணிகள் முழுவதும் தம்பியிடம் சென்றன.

உடன்பிறந்தோர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணம் அனுப்புபவருக்கு, அருகில் இல்லையே என்ற குற்றவுணர்வு. அருகில் இருப்பவருக்கு, தம் உழைப்பை எவரும் கணக்கில் எழுதவில்லையே என்ற மனக்குறை. இவை பேசப்படாமல் இருக்கும்போதுதான் மருத்துவச் செலவுக் கணக்கில் சண்டையாக வெடிக்கின்றன. மாதத்திற்கு ஒருமுறை அரை மணி நேரம், நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள், அடுத்த மாதம் என்ன என்று பேசுங்கள். நோயாளரும் அதில் அமர வேண்டும். அவரைப் பற்றிய பேச்சு அவருக்குத் தெரியாமல் நடைபெறலாகாது.

அலுவலகத்தில் என்ன கேட்பது

நோய் உறுதியான முதல் சில வாரங்களில் வேலையை விட்டுவிட முடிவு செய்பவர்கள் உண்டு. இயன்றவரை மூன்று மாதங்கள் பொறுத்திருங்கள் என்று நாங்கள் வேண்டிக்கொள்கிறோம். தொடக்கத்தில் மருத்துவமனை வருகைகள் ஒழுங்கற்று இருக்கும். பின்னர் அட்டவணை நிலைபெறும். சம்பளம் மட்டுமன்று, சில நிறுவனங்களில் பெற்றோருக்கும் பொருந்தும் குழுக் காப்பீடும் வேலையோடு சேர்ந்தது. வேலையை விடுமுன் அது என்னவாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேலதிகாரியிடம் பேசும்போது "கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க வேண்டா. டயாலிசிஸ் நாட்கள் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தவை. அது உங்களுக்குச் சாதகம். "செவ்வாய்க்கிழமைகளில் 11 மணிக்கு வந்து 7 மணிவரை இருக்கிறேன், அந்தக் காலை நேரத்தில் இன்ன பணியை இன்னார் பார்த்துக்கொள்வார்" என்று எழுதிக் கொடுங்கள். டயாலிசிஸ் நாட்களைக் குறிப்பிடும் சான்றிதழை எங்கள் பிரிவில் கேட்டுப் பெறலாம். ஈட்டிய விடுப்பை ஒவ்வொரு டயாலிசிஸ் நாளுக்கும் செலவழிக்காமல், அறுவைச் சிகிச்சைக்கும் உள்நோயாளர் சேர்க்கைக்கும் சேமித்து வையுங்கள்.

பதவி உயர்வு, மேற்படிப்பு, வெளியூர்ப் பயிற்சி ஆகியவற்றில் சிலவற்றைத் தள்ளிப்போட நேரலாம். தள்ளிப்போடுவது வேறு, கைவிடுவது வேறு. தள்ளிப்போட்டால் எப்போது மீண்டும் எடுப்பது என்று ஒரு மாதத்தை நோட்டில் எழுதிவையுங்கள், வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

எங்களிடமும் கேட்கத் தயங்காதீர்கள். மாலை முறையில் இடம் இருக்கிறதா, வயிற்றறை வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பொருந்துமா, மாற்றுச் சிறுநீரகத்திற்குப் பரிசீலிக்கலாமா என்பவை மருத்துவருடன் பேச வேண்டிய கேள்விகள். வீட்டில் செய்துகொள்ளும் முறையில் பொதுவாக நாளொன்றுக்கு நான்கு முறை நீர்மம் மாற்ற வேண்டும், தூய்மை மிக இன்றியமையாதது, எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துவோருக்கு அது வேலை நாட்களை மீட்டுத் தரக்கூடும்.

பணச்சுமை நேரச்சுமையாகவும் மாறும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டயாலிசிஸும் அதில் அடங்கும். இ.எஸ்.ஐ. உறுப்பினரானால், அவரைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டா என்று பாருங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான நீர்மப் பைகள் வழங்கப்படுகின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

விட்டுப்போகும் உறவுகள்

வேலையும் சிகிச்சையும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் முதலில் கைவிடப்படுவது கணவன் மனைவி பேச்சும் நண்பர்களும். எவரும் இதை முடிவு செய்வதில்லை, தானாக நேர்கிறது. நோயைப் பற்றிப் பேசாத அரை மணி நேரம் வாரத்தில் இரண்டு முறையாவது வேண்டும். மாடியில் நடக்கலாம், ஒரு தேநீர் அருந்தலாம். செலவில்லாத வழிகளே போதும்.

பிள்ளைகளிடம் உண்மையை அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். மறைத்தால் அவர்கள் அதைவிடப் பெரியதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். அவர்களுக்கு ஒரு சிறு பொறுப்பும் கொடுங்கள். அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன் காலைதோறும் தாத்தாவின் எடையை நோட்டில் குறித்தான். எடை மிகுந்த நாளில், "தாத்தா, நேத்து மோர் எத்தனை டம்ளர்?" என்று அவன் கேட்ட கேள்விக்கு, எங்கள் உணவியல் வல்லுநருடைய அறிவுரையைவிட மதிப்பு மிகுதியாக இருந்தது.

பராமரிப்பவருடைய உடலும் ஓர் உடலே. உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? காத்திருக்கும் நேரத்தில் எங்களிடமே பார்த்துக்கொள்ளலாம். பல நாட்களாக உறக்கமின்மை, காரணமில்லாத சினம், தனியே அழுகை என்றிருந்தால், அதைப் பலவீனம் என்று எண்ணி மறைக்க வேண்டா. எங்களிடம் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நோயாளராகிய உங்களுக்கு

உங்களுக்காக வீட்டார் படும் பாட்டைப் பார்த்து நீங்கள் வருந்துவது எங்களுக்குத் தெரியும். அந்த வருத்தத்தால் டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்; ஒரு முறையையும் தவறவிடாதீர்கள். குறைத்த ஒரு மணி நேரம் எவருக்கும் மிச்சமாவதில்லை. அது நுரையீரலில் நீராகவும் இரத்தத்தில் பொட்டாசியமாகவும் தங்கி, மூச்சையும் இதயத்துடிப்பையும் தாக்கும். பிறகு வீட்டார் அனைவரும் இரவு முழுவதும் மருத்துவமனையில் நிற்க நேரும்.

உங்களால் செய்யக்கூடியவை பல. உங்கள் எடையை நீங்களே பாருங்கள். ஃபிஸ்டுலாவின் அதிர்வை நாள்தோறும் தொட்டுப் பாருங்கள். மாத்திரை தீருமுன் சொல்லுங்கள். கைப்பேசியில் நேர நினைவூட்டலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மனத்தில் ஒன்று உறுத்தினால் அதை நேராகக் கேளுங்கள். பராமரிப்பில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எடுத்துக்கொள்ளும்போது வீட்டில் உங்கள் இடமும் நிலைபெறும்.

பின்னர்

அந்த ஆண்டுப் பதவி உயர்வு வாய்ப்பு மகளுக்குத் தவறிவிட்டது. அதை எந்த அட்டவணையாலும் மீட்க இயலவில்லை. அடுத்த ஆண்டு அவர் விண்ணப்பித்தார். தந்தையின் சிகிச்சையைக் குறிப்பிட்டு அருகிலேயே பணியிடம் கோரினார். பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஊர் கிடைத்தது. அதற்காகச் செவ்வாய்க்கிழமை ஏற்பாட்டை மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு முறை போக முடியவில்லை. மாமாவுக்கு ஒரு மாதம் உடல்நலம் குன்றியது. அப்போது எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவரிடமும் அந்த நோட்டே கொடுக்கப்பட்டது.

தந்தை இப்போது நான்கு மணி நேரமும் முழுமையாக அமர்கிறார். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மகளின் வங்கியியல் புத்தகத்தை இயந்திரத்தின் அருகே வைத்துக்கொண்டு கேள்விகளைக் குறித்தார்; மாலையில் வீட்டில் அவற்றை மகளிடம் கேட்டார். பழைய ஆசிரியர் அல்லவா.

உங்கள் வீட்டின் வாரமும் எங்களுக்குத் தெரிந்தால் உதவுவது எளிதாகும். அடுத்த முறை வரும்போது, யார் எந்த நாளில் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எல்லாக் கட்டங்களிலும் ஒரே பெயர் இருந்தால், அங்கிருந்து நாம் பேசத் தொடங்கலாம்.